ஏழு நாள் இடுப்புப் பட்டி

மனிதர்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு அசைகிறார்கள் என்று அளக்கும் வேலை எனக்குக் கிடைத்தபோது, கண்டித் தமிழர்கள் முடிந்தவரை அசையாமல் இருக்கப் பழகியிருந்தார்கள். யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. எங்காவது ஒரு பஸ்ஸில் குண்டு வெடிக்கும். அடுத்த நாள் எங்கள் பஸ்ஸை நான்கு இடத்தில் நிறுத்தி இறக்குவார்கள். தேவையில்லாமல் யாரும் வெளியே போவதில்லை. போனால் சட்டைப் பையிலுள்ள அடையாள அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போவோம். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் உடலசைவையும் இயங்குதிறனையும் ஆராய்வதற்கு அதுதான் தகுந்த காலம் என்று படித்தவர்கள் சிலருக்குத் தோன்றியது. நிதியும் எங்கிருந்தோ வந்தது. அந்த ஆய்வுக்கு நான் மொழிபெயர்ப்பாளன். நேர்காணல் எடுப்பவனும் நான்தான். ஆகவே இங்கே நான் யாரை ஏளனம் செய்தாலும் என்னையும் சேர்த்துத்தான் செய்கிறேன்.

நான் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். கண்டியில் ஒரு சிறிய தனியார் பாடசாலையில் பன்னிரண்டு வருடம் படிப்பித்தேன். அது மூடுண்டபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. கையில் இருந்தது மூன்று மொழி மட்டும்தான். இந்த நாட்டில் மூன்று மொழி தெரிந்தவனுக்கு எப்படியும் வேலை கிடைக்கும். மற்றவர்கள் ஒருவர் மொழியை ஒருவர் படிக்காமல் இருப்பதற்கு அவன் வசதியாக இருக்கிறான்.

ஆய்வின் தலைவர் யாழ்ப்பாணத்தவர், டொக்டர், கண்டியில் முப்பது வருடமாக இருப்பவர். எங்கள் அலுவலகம் வாவிக்கு மேலே, செங்குத்தான ஒரு வீதியின் உச்சியில், ஒரு பழைய வீட்டில் இருந்தது. உடலசைவை ஆராய்ந்த அந்த மனிதர் அந்த வீதியில் ஒரு நாளாவது நடந்து ஏறியதை நான் கண்டதில்லை. வேன் கீழே போய் அவரை ஏற்றி வரும். ஆடிக் கலவரத்தில் அவருடைய கதிரைகளையும் அலுமாரிகளையும் புத்தகங்களையும் வீதியில் குவித்து எரித்தார்கள் என்று, நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் வேன் சாரதி சொன்னார். டொக்டர் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. அதிலிருந்து அவர் கற்றுக்கொண்ட பாடம், எந்தக் காகிதத்திலும் தேவைக்கு மேல் பெயர் போடக்கூடாது என்பதுதான் போலிருக்கிறது. என்னை அவர் 'நீர்' என்பார். எங்கள் தோட்டத்துப் பேச்சில் அந்தச் சொல் கிடையாது. அது மரியாதையா, மரியாதைக் குறைவா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் எடுத்தது. இரண்டும்தான்.

கேள்விக்கொத்து வெளிநாட்டில் தயாராகி வந்தது. அதைத் தமிழாக்குவது என் முதல் வேலை. கடந்த ஏழு நாட்களில் ஓய்வு நேரத்தில் எத்தனை நாள் கடுமையான உடற்பயிற்சி செய்தீர்கள் என்பது முதல் கேள்வி. உதாரணமாக டென்னிஸ், நீச்சல், புல் வெட்டும் இயந்திரத்தைத் தள்ளுதல் என்று போட்டிருந்தது.

"சார், தோட்டத்துல இதக் கேட்டா சிரிப்பாங்க" என்றேன்.

"சிரிக்கட்டும். கேள்வியை மாத்தேலாது. மாத்தினால் மற்ற நாடுகளோட ஒப்பிடேலாது."

"கொழுந்துக் கூடையோட மலை ஏறுறத எங்க எழுதுறது?"

"அது தொழில். தொழில் வேற பக்கம். பாரும்."

பார்த்தேன். வேறு பக்கத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. பெரும்பாலும் அமர்ந்து, பெரும்பாலும் நின்று, பெரும்பாலும் நடந்து. சுமந்துகொண்டு ஏறுவதற்குக் கட்டம் இல்லை. அதைக் கேட்டால், 'நடந்து' என்பதில் போடும் என்றார்.

முதல் இரண்டு வாரம் நகரத்தில் போயிற்று. வெள்ளைக் கன்வஸ் சப்பாத்துப் போட்டுக்கொண்டு காலையில் வாவியைச் சுற்றும் ஓய்வுபெற்ற கனவான்களைப் பிடித்தோம். அவர்களுக்கு இந்த ஆய்வு மிகவும் பிடித்திருந்தது. வங்கியொன்றில் முகாமையாளராக இருந்த ஒருவர், தான் வாவியை இரண்டு சுற்றுச் சுற்றுவதை எனக்கு இரண்டு முறை சொன்னார். வீட்டில் தண்ணீர்க் கிளாஸை எடுத்துக் கொடுக்கவும் ஒரு தெல்தோட்டைப் பெண்ணை வைத்திருந்தார். கேள்விக்கொத்தின்படி அவர் 'மிகச் சுறுசுறுப்பானவர்'. அந்தப் பெண்ணுக்கும் ஐம்பது வயது இருக்கும். ஆனால் அவள் எங்கள் ஆய்வு மாதிரிக்குள் வரவில்லை. வீட்டுக்கு ஓர் ஆள்தான் எங்கள் கணக்கு. அந்த வீட்டின் ஆள் அவர்.

பிறகு தெல்தோட்டைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்துக்குப் போனோம். தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் எங்களுக்கு இடம் தந்தார்கள். கண்டியிலிருந்தே ஒரு கதிரையைக் கொண்டு போயிருந்தோம். எல்லா நாட்டிலும் ஒரே உயரக் கதிரையில்தான் சோதனை நடக்க வேண்டுமாம். கையைப் பயன்படுத்தாமல் அதிலிருந்து ஐந்து தரம் எழும்பி உட்கார வேண்டும். நான் வினாடி எண்ணுவேன்.

முதலாவதாக வந்த அம்மாவுக்கு ஐம்பத்தேழு வயது. மெலிந்த, குள்ளமான உருவம். ஐம்பத்தைந்தில் தோட்டப் பதிவில் பேர் வெட்டிவிட்டார்கள்; இப்போது கூப்பிடும் நாளில் மட்டும் நாட்கூலிக்குக் கொழுந்து எடுக்கிறார். புருஷன் இல்லை. ஒரே மகள் வத்தளையில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னேன்.

"பெரிய டாக்டரு நிக்கிறாரே, நான் எப்பிடி ஒக்கார்றது? அவர ஒக்காரச் சொல்லுங்க தம்பி. நான் நிக்கிறேன்."

"இது சோதனைம்மா. நீங்கதான் ஒக்காரணும்."

மிகுந்த வெட்கத்துடன் உட்கார்ந்தார். அந்தக் கதிரை அவருக்கு உயரம். பாதம் நிலத்தில் படவில்லை. நிலத்தில் பாதம் ஊன்றாமல் எழும்புவது எப்படி? நுனிக்கு நகர்ந்து, குதித்து இறங்கினார், மறுபடி ஏறி உட்கார்ந்தார், மறுபடி குதித்தார். நான் வினாடி எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது தரம் இறங்கியதும் சேலையைச் சரிசெய்துகொண்டு, "சரியா செஞ்சனா?" என்று கேட்டார். டொக்டர் படிவத்தில் 'கால் வலு குறைவு' என்று எழுதினார்.

கேள்விகளும் அதே மாதிரிதான் போயின.

"ஓய்வு நேரத்துல என்ன செய்வீங்க?"

"ஓய்வா? பேர் வெட்டினதுக்கு அப்புறமா கேக்குறீங்களா?"

"இல்ல, வேலை முடிஞ்சு வந்ததுக்கு அப்புறம்."

"வெறகு பொறுக்குவேன். பீலியில தண்ணி தூக்குவேன்."

"அது வீட்டு வேல. சும்மா இருக்கிறப்போ?"

அவர் கொஞ்ச நேரம் நேர்மையாக யோசித்தார். "சும்மா இருக்கிறப்போ சும்மாதான் இருப்பேன்" என்றார்.

நான் 'இல்லை' என்ற கட்டத்தில் சரி போட்டேன். அவர் 'செயலற்றவர்' ஆனார். அந்தப் பிள்ளைக் காம்பராவுக்கு வருவதற்கே அவர் முந்நூறு படிக்கு மேல் ஏறி வந்திருந்தார்.

கேள்விக்கான பதிலை நம்பாதவர்களுக்காக ஆய்வில் ஒரு கருவியும் இருந்தது. தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதை இலாஸ்டிக் பட்டியில் கோத்து இடுப்பில் ஏழு நாள் கட்டிக்கொண்டிருந்தால், அசைந்ததையெல்லாம் அது பதிந்து வைக்கும். உயிரோடிருப்பதைக் காட்ட அதில் ஒரு சிவப்பு வெளிச்சம் விட்டு விட்டு மின்னும். டொக்டர் அதற்கு 'அசைவுமானி' என்று பெயர் வைத்து மகிழ்ந்தார். இடுப்பைச் சுற்றிப் பட்டி, பட்டியில் பெட்டி, பெட்டியில் சிவப்பு வெளிச்சம். அதைத் தமிழர்களின் இடுப்பில் கட்டி அனுப்பப்போகிறோம், அந்த வருடங்களில்.

"சார், இதக் கட்டிக்கிட்டுப் போறவங்ககிட்ட ஒரு கடிதம் குடுத்துவிடுவோம். மூணு மொழியிலயும். செக்பொயின்டுல காட்டலாம்."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடிதம் குடுத்தால் சனம் பயப்பிடும். அதோட, ஆற்ற கையெழுத்து? என்ர கையெழுத்தோட ஒரு காகிதம் பொலிசுக்குப் போனால் அது எங்க போய் நிக்கும் எண்டு உமக்குத் தெரியுமே? தோட்டத்துச் சனம் தோட்டத்துக்குள்ளதானே நிக்குது. டவுனுக்குப் போகவேண்டாம் எண்டு சொல்லும், அவ்வளவும் காணும்."

எனக்கு வேலை புதிது. அந்த அம்மாவின் இடுப்பில் பட்டியைக் கட்டிவிட்டு, "ஏழு நாளைக்கு டவுனுக்குப் போக வேணாம்மா" என்று சொன்னேன். ஆனால் அதை ஒரு தரம்தான் சொன்னேன். நான்கு தரம் சொன்னது வேறொன்று: "குளிக்கிறப்போ, தூங்குறப்போ தவிர இதக் கழட்டவே கூடாது. யார் சொன்னாலும் கழட்டக் கூடாது." பயிற்சியில் எங்களுக்கு அதைத்தான் அழுத்திச் சொல்லியிருந்தார்கள். கழற்றினால் தரவு கெட்டுவிடும்.

ஐந்தாம் நாள் அவருக்குக் கண் கிளினிக். கண்டிப் பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு மாதத்துக்கு முன் கொடுத்த திகதி அது. அதை விட்டால் அடுத்த எட்டு மாதம். ஏழு நாள் வீட்டில் இரு என்று ஒரு வாத்தியார் சொன்னதற்காக யார் அதை விடுவார்? காலை பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பத்து மணியளவில் நானா அலுவலகத்துக்குள் ஓடி வந்தார். அவர் மடவளைக்காரர், சொந்தக்காரர் ஒருவர் கண்டிக்குள் நுழையும் பாதையில் ஒரு செக்பொயின்டுக்குப் பக்கத்தில் தேநீர்க்கடை வைத்திருந்தார்.

"மாஸ்டர், ஒரு தமிழ்ப் பொம்புள குண்டு கட்டிக்கிட்டு வந்து மாட்டீக்கி என்டு எங்கட ஆள் கோல் எடுத்தான். சின்ன லைட்டொன்டும் பத்துதாம். மாஸ்டர், அது எங்கட பெட்டியா?"

நான் டொக்டரின் அறைக்கு ஓடினேன். அவர் கேட்டுவிட்டு எழும்பினார், பிறகு உட்கார்ந்தார். யாருக்கோ டெலிபோன் எடுத்தார். அந்த ஆள் கூட்டத்தில் என்றார்கள். இன்னொருவருக்கு எடுத்தார். அரை மணித்தியாலம் அப்படிப் போனது.

"நீங்க வந்து சொன்னா விட்டிருவாங்க சார். நீங்க டொக்டர்."

"நான் வாறது சரியில்லை. நான் யாழ்ப்பாணம். அடையாள அட்டையில பிறந்த இடம் கிடக்கு. நான் போனால் ஒரு ஆளுக்கு ரெண்டு ஆள் உள்ளுக்கு இருக்க வேண்டி வரும். நீர் மலைநாடு. நீர் போம்."

அவர் சொன்னது பொய்யல்ல. அதுதான் எனக்கு எரிச்சல். பொய்யாக இருந்திருந்தால் மிச்ச வாழ்நாள் முழுக்க அவரை நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

"எனத்த மாஸ்டர் யோசிக்கிற? ஏறுங்க" என்றார் நானா. எந்த அடையாள அட்டையையும் பற்றி அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. மிச்சமிருந்த பட்டிகள் ஆறையும் கேள்விக்கொத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டேன்.

பாதையை மூடியிருந்தார்கள். பஸ்காரரும் கடைக்காரரும் தூரத்தில் கூட்டமாக நின்றார்கள். செக்பொயின்டுக்கு அப்பால் வெறும் நிலமொன்று. அதன் நடுவில் அந்த அம்மா தனியே நின்றார். இரண்டு கையும் தலைக்கு மேல். மணல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து துப்பாக்கிகள் அவரைப் பார்த்திருந்தன. வெயில் ஏறியிருந்தது. அவரிடமிருந்து கொஞ்சம் தள்ளி கிளினிக் கொப்பி விழுந்து கிடந்தது.

ஒரு பொலிஸ்காரரிடம் போய்ச் சிங்களத்தில் விளக்கினேன். அது குண்டல்ல, நடையை அளக்கிற பெட்டி, இதோ, என்னிடமும் ஆறு இருக்கிறது. இப்படிச் சொல்லிக்கொண்டு பையைத் திறந்தவன் எவ்வளவு பெரிய மடையன் என்று அந்தக் கணத்தில்தான் விளங்கியது. பையைத் தூரத்தில் வைக்கச் சொன்னார்கள். என்னையும் நானாவையும் மதிலோரம் முழங்காலில் இருத்தினார்கள். குண்டு அகற்றும் பிரிவு வரும்வரை எவரும் எவரையும் நம்ப மாட்டார்கள். அது வர நண்பகல் ஆயிற்று. அந்த அம்மா காலை எட்டு மணியிலிருந்து கையைத் தூக்கியபடி நின்றார் என்று பிறகு அறிந்தேன். நான் பார்த்த ஒன்றரை மணித்தியாலத்தில் அவர் ஒரு தரமும் கையை இறக்கவில்லை. 'மேற்கை வலு' என்று எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதில் அவருக்கு நான் போட்டது 'குறைவு'.

கனத்த உடுப்புப் போட்ட ஒருவன் மெதுவாகப் போய்ப் பட்டியை வெட்டினான். பெட்டியைத் தூக்கிப் பார்த்தான். திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னான். மூட்டைகளுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான். பாதை திறந்தது, பஸ்கள் ஓடின. எங்கள் மூவரையும் ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போனார்கள்.

பொறுப்பதிகாரிக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், பருத்த ஆள். அவர் நிதானமாகக் கேட்டார். யார் தந்த பெட்டி? எதற்கு? இந்தக் கிழவி நடப்பதை அறிந்து வெளிநாட்டுக்காரனுக்கு என்ன வேலை? மூன்றாவது கேள்விக்கு, முழங்கால் தேய்வு, விழுதல், முதுமையில் நடமாட்டம் குறைதல் என்று மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். 'முழங்கால்' என்றதும் அவர் முகம் மாறியது.

"செய்து காட்டு" என்றார்.

ஸ்டேஷன் கதிரையில் உட்கார்ந்து, கையை மார்பில் கட்டி, ஐந்து தரம் எழும்பிக் காட்டினேன். கான்ஸ்டபிள்கள் வாசலில் கூடிவிட்டார்கள். பிறகு அவர் தானே செய்து பார்த்தார். இரண்டாவது தரம் மேசையைப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. இதற்கு என்ன மருந்து என்று என்னிடம் கேட்டார். நான் டொக்டரல்ல என்றேன். நடவுங்கள், எடையைக் குறையுங்கள் என்றேன். அவர் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அறைக்கு வெளியே வாங்கில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். ஒரு குண்டுக்காரிக்குப் பொலிஸ் காட்டும் மரியாதையெல்லாம் முடிந்து, இப்போது அவர் யாருக்கும் தேவையில்லாதவர். ஒரு நாட்டின் பாதுகாப்பு ஒரு மனிதனின் முழங்காலில் தங்கியிருந்ததை நான் கண்ணால் கண்டேன். நான்கு மணிக்கு வாக்குமூலம் எழுதி, கைநாட்டு வாங்கி, படமெடுத்து, எங்களை விட்டார்கள். பெட்டியையும் திருப்பித் தந்தார்கள்.

வேனில் ஏறியதும் அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்.

"கிளினிக்க மூடியிருப்பாங்களா தம்பி?"

நானா கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு, "யா அல்லாஹ்" என்றார். பிறகு வேனைத் தோட்டத்துப் பாதையில் திருப்பினார்.

அடுத்த நாள் டொக்டர் முதலில் கேட்டது அந்த மனுஷி சுகமா என்று. அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதாகக் கேட்டது பெட்டியை. கணினியில் அதைச் செருகியதும் அம்மாவின் ஐந்து நாளும் மேடும் பள்ளமுமாகத் திரையில் எழுந்தன. விடிய முன்னரே தொடங்கி இருட்டிய பின்னும் ஓயாத மேடுகள். ஐந்தாம் நாள் எட்டு மணியிலிருந்து நேர்கோடு.

"இந்த நாலு மணித்தியாலம் அசைவே இல்லை. குந்தியிருந்திருக்கிறா" என்றார் டொக்டர்.

"நின்னாங்க சார். கையைத் தூக்கிக்கிட்டு."

"கருவிக்கு அது தெரியாது." பிறகு சொன்னார்: "நாலு நாள் இருந்தால் காணும். எடுக்கலாம்."

அப்படி அந்த நான்கு மணித்தியாலம் 'அமர்ந்த நேரம்' என்று தரவுக்குள் போயிற்று. நான்தான் தட்டச்சுச் செய்தேன்.

சில மாதம் கழித்து ஆய்வின் முதற்கட்ட முடிவுகளை வாவிக்கரை ஹோட்டலொன்றில் வெளியிட்டார்கள். மூன்று வகைச் சோறும் ஐந்து வகை இனிப்பும் வைத்திருந்தார்கள். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தவர்கள் மாலை நான்கு வரை உட்கார்ந்தே அசைவின் நன்மைகளைக் கேட்டார்கள். தோட்டத்து முதியோர் ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்வது மிகக் குறைவு என்று கண்டுபிடித்திருந்தோம். தினமும் அரை மணித்தியாலம் வேகமாக நடக்க வேண்டும் என்பது சிபாரிசு. அதைத் துண்டுப்பிரசுரமாக அச்சடித்தார்கள். தமிழ் என்னுடையது. நல்ல தமிழ், பிழையே இல்லை. முகப்பில் வெள்ளைச் சப்பாத்துப் போட்ட ஒரு தம்பதி புல்வெளியில் சிரித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பிரசுரங்களைப் பகிர்ந்துகொடுக்கத் தோட்டத்துக்குப் போன நாளில்தான் அந்த அம்மாவை மறுபடி பார்த்தேன். வரிசை வீடுகளான லயத்தில், தன் வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். சாயத் தண்ணி தந்தார். நான் மன்னிப்புக் கேட்க ஏதோ தொடங்கினேன். அவர் விறகை விடாமலே சொன்னார்:

"நீங்கதான் கழட்டக் கூடாதுன்னு சொன்னீங்க. அந்தப் பொம்பளப் பொலிசு மொதல்ல தன்மையாத்தான் கேட்டுச்சு, அது என்னா, கழட்டுன்னு. நான் மாட்டேன்னேன். யார் சொன்னாலும் கழட்டக் கூடாதுன்னு பெட்டி கட்டின மாத்தயா சொல்லியிருக்காருன்னேன். அப்பதான் கன்னத்துல அடிச்சிச்சு. பெறவு தொட்டுப் பாத்துக் கத்திக்கிட்டு ஓடிருச்சு. நான் அப்பவே கழட்டியிருந்தா ஒண்ணுமில்ல போல." ஒரு கட்டையை எடுத்து வைத்தார். "ஆனா நீங்க நாலு தரம் சொன்னீங்களே தம்பி."

தேநீர்க் கோப்பையைப் படியில் வைத்தேன். பொலிசைத் திட்டலாம், டொக்டரைத் திட்டலாம், கேள்விக்கொத்து எழுதிய வெள்ளைக்காரரைத் திட்டலாம். அந்த அடியை வாங்கிக் கொடுத்த வாக்கியம் என்னுடையது.

கண்டிக்குத் திரும்பி நேரே டொக்டரின் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். "நீங்க வந்து அந்தம்மாவப் பாக்கணும் சார். வராட்டி நான் நாளைலருந்து இல்ல" என்றேன். வேலையை விடும் துணிவு எனக்கு இருந்ததா என்று தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. கடைசியில் அவர், "ஓம், வாறன்" என்றார்.

வந்தார். லயத்துப் படிகளில் மூன்று இடத்தில் நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். சோதனை செய்தால் அவர் தேறியிருக்க மாட்டார். வாசல்படியில் உட்கார்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல் வரவில்லை. முப்பது வருடமாக எதையும் சொல்லாமல் இருந்து பழகிய வாய். கடைசியில் டோர்ச்சை எடுத்து அந்த அம்மாவின் கண்களைப் பார்த்தார். தன்னுடைய கடிதத்தாளில், தன்னுடைய முழுப் பெயரோடு, கண் வைத்தியர் ஒருவருக்குக் கடிதம் எழுதி, பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். அது பெரிய வீரம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கையெழுத்தைச் சில மாதம் முன்னால் போட்டிருக்கலாம். ஆனாலும் போட்டார்.

இரண்டு மாதத்துக்குள் சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைத்தது. கூட்டிப்போக மகளுக்கு லீவு கிடைக்கவில்லை, நான் போனேன். அதே பாதை, அதே செக்பொயின்ட். பஸ் நிற்கும் முன்னரே அந்த அம்மா எழும்பிவிட்டார். இறங்கியதும், யாரும் சொல்லுமுன், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார். வேறொரு பொலிஸ் பெண், சிறுவயது. அவள் சங்கடப்பட்டுக் கையை இறக்கச் சொன்னாள். இவர் இறக்கவில்லை. சோதித்து முடித்து பஸ்ஸில் ஏறிய பிறகுதான் இறக்கினார்.

வலது கண்ணில் செய்தார்கள். அடுத்த நாள் வார்டில் கட்டை அவிழ்த்தபோது நான் கட்டில் பக்கத்தில் நின்றேன். கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி மேல் கூரையைப் பார்த்தார், தாதியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் நரையை, முன்வழுக்கையை, கண்ணாடியையெல்லாம் நிதானமாகப் பார்த்தார்.

"நீங்கதானா அந்தத் தம்பி? கொரல் அப்பிடித்தான் இருக்கு" என்றார். "நான் ஏதோ படிக்கிற பொடியன், யாரோ சொல்லிக்குடுத்தத சொல்லிக்கிட்டு வருதுன்னு நெனச்சேன். இம்புட்டு வயசாயிருச்சே உங்களுக்கு. இந்த வயசுலயா வீடு வீடாப் போயி மனுசங்கள ஒக்காரு எந்திரின்னு சொல்லிக்கிட்டு இருக்கீங்க? வேற வேலை ஒண்ணும் கெடைக்கலையா?"

பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டிருந்தார்.

தேடிக்கிட்டு இருக்கேன்மா என்றேன். வேறு வேலை கிடைக்க இன்னும் ஏழு மாதம் எடுத்தது. அதுவரை அந்தக் கதிரையை வேனில் ஏற்றி இறக்கிக்கொண்டுதான் இருந்தேன்.